தராக்கி என்னும் சிவராம்

கண்டி வீதியில் வவுனியாவைக் கடந்து வடக்கே சில மைல் சென்றால் ஓமந்தை வரும். வயலும் குளமும் காடும் சூழ்ந்த இச்சிற்றூரின் பெயர் 1997 ஆம் ஆண்டுக்குப் பின்னர் உலகச் செய்திகளில் அடிபடலாயிற்று. அவ்வாண்டு மே மாதம் 13 ஆம் நாள், வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி திறக்கும் நோக்குடன் இலங்கை இராணுவம் 'ஜயசிக்குறு' என்னும் பெரும்போரைத் தொடங்கியது. ஓமந்தை முதற்கட்டத்திலேயே படையினர் கைப்பட்டது. பிடிபட்ட ஊர்களைப் பலரும் எண்ணிக்கொண்டிருக்கையில், பிடித்த வீதியின் இருமருங்கும் நீளும் காட்டோரத்தைக் காக்க எத்தனை ஆள் வேண்டும், அத்தனை ஆளுக்கு இராணுவம் எங்கே போகும் என்று கணக்கிட்டு எழுதினார் ஒருவர். 'தராக்கி' என்னும் புனைபெயரால் அறியப்பட்ட தர்மரத்தினம் சிவராமே அவர்.

சிவராம் 1959 ஆகஸ்ட் 11 இல் மட்டக்களப்பிற் பிறந்தார். பாட்டனார் அரசாங்க சபையில் அங்கம் வகித்தவர். வசதியும் நூல்களும் நிறைந்திருந்த குடும்பம் காலப்போக்கில் தளர்ந்தது. புனித மிக்கேல் கல்லூரியிலும் பின்னர் கொழும்பிலும் கற்ற இளைஞர், மட்டக்களப்பு வாசகர் வட்டத்தில் தம் வயதொத்தாருடன் கூடித் தத்துவமும் இலக்கியமும் வாதிட்டு வளர்ந்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்கப் புகுந்தவரின் படிப்பு 1983 ஆம் ஆண்டின் இனக் கலவரத்தோடு முற்றுப்பெற்றது. பட்டம் பெறாது வெளியேறிய அம்மாணவர், பிற்காலத்தில் பேராசிரியர்கள் மேற்கோள் காட்டும் கட்டுரைகளை எழுதினார் என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ள நம்மனோர் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

அவர் தமிழீழ மக்கள் விடுதலைக் கழகத்திற் சேர்ந்தார். 1987 இன் இந்திய - இலங்கை உடன்படிக்கைக்குப் பின்னர் அவ்வியக்கத்தின் அரசியற் பிரிவிலே பொறுப்பான பதவி வகித்தார். 1989 இல் அதனின்றும் விலகினார். இயக்கங்களின் உட்பகையும் உயிர்க்கொலையும் மலிந்திருந்த காலம் அது. இப்பகுதியை மறைத்து அவர் வரலாற்றை எழுதுவோர் அவருக்கு நன்மை செய்வதாக எண்ணுகின்றனர். எனக்கோ, அவருடைய எழுத்தின் வலிமைக்கும் அவர்மீது எழுந்த ஐயங்களுக்கும் வேர் இங்கேதான் உண்டெனத் தோன்றுகிறது. துப்பாக்கி ஏந்தியோர் எவ்வாறு சிந்திப்பர், ஒரு முகாமுக்கு உணவும் வெடிபொருளும் எவ்வழியே வந்து சேரும் என்பனவற்றை அவர் அருகிருந்து கண்டவர்.

பத்திரிகையாளர் றிச்சட் டி சொய்சாவின் நட்பு அவரை எழுத்துத் துறைக்கு இட்டு வந்தது. 1989 இல் 'ஐலண்ட்' ஆங்கில நாளிதழில் தராக்கியின் பத்தி தொடங்கியது. மறு ஆண்டு பெப்ரவரியில் டி சொய்சா கடத்திக் கொல்லப்பட்டார். சிவராம் எழுதுவதை நிறுத்தவில்லை. சிங்கள வாசகரும், படை அதிகாரிகளும், கொழும்பிலிருந்த வெளிநாட்டுத் தூதுவர்களும் அப்பத்தியைத் தேடி வாசித்தனர். தமிழர் தரப்பின் போரியலை உணர்ச்சி கலவாமல் ஆங்கிலத்தில் விளக்குவார் அக்காலத்தில் அரியர். அக்கட்டுரைகளின் தொகுப்பு 1991 இல் பிரான்சில் நூலாக வெளிவந்தது. கைநழுவும் சமாதானம் என்று அதன் ஆங்கிலத் தலைப்பைத் தமிழிற் சொல்லலாம்.

ஆயினும் நான் உயர்வாகக் கருதுவது, 1992 இல் 'லங்கா கார்டியன்' சஞ்சிகையில் அவர் எழுதிய தமிழர் படைமரபு பற்றிய தொடரையே. தென்தமிழ் நாட்டுப் பாளையக்காரர் 1801 இல் முற்றாக ஒடுக்கப்பட்டனர். அதன்பின் ஆங்கிலேயர் மறவர் முதலான போர்க்குடியினரின் ஆயுதங்களைக் களைந்து, தம் படையிலும் சேர்க்காது ஒதுக்கினர். ஒடுக்கப்பட்ட அம்மறவுணர்வு எவ்வாறு தமிழ்ப் பற்றினூடே மீண்டும் தலையெடுத்தது என்பதே அவர் ஆராய்ந்த பொருள். புறப்பாடல்களின் வீரத்தை மேடையில் முழங்குவோர் பலர். அம்முழக்கத்துக்கு ஒரு சமூக வரலாறு உண்டெனக் காட்ட முனைந்தோர் சிலரே. சாதியையும் வீரத்தையும் அவர் மிகநெருக்கமாகப் பிணைத்துவிட்டார் என்று எனக்கு ஒரு குறை உண்டு, அது நிற்க.

மீண்டும் வன்னிக்கு வருவோம். 1998 ஜூன் மாதம் போர்ச் செய்திகளுக்கு அரசு தணிக்கை விதித்தது. பத்திரிகையாளர் போர்முனைக்குச் செல்லவியலாத நிலை. 1997 இல் தொடங்கிய தமிழ்நெற் என்னும் இணையச் செய்தி நிறுவனத்தை உருவாக்கியதில் சிவராமின் பங்கு பெரிது. மாவட்டந்தோறும் நிருபர்களை அமர்த்தி, ஊர்ப்பெயர், நேரம், தொகை ஆகியன பிழையாது எழுத அவர்களைப் பழக்கினார். ஜயசிக்குறு 1998 டிசம்பரில் கைவிடப்பட்டது. 1999 நவம்பரில் விடுதலைப் புலிகள் தொடுத்த தாக்குதலில், ஒன்றரை ஆண்டுக்கு மேலாகப் போரிட்டுப் பிடித்த நிலம் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஓமந்தை வரை கைமாறியது. நீண்ட வீதியையும் மெலிந்த காவலையும் பற்றிய கணக்கு வீண் கணக்கன்று என்பதை அன்று பலர் உணர்ந்தனர்.

பிற்காலத்தில் அவர் புலிகள் பக்கம் வெளிப்படையாகவே சாய்ந்தார். 2004 மார்ச்சில் கிழக்கின் தளபதி கருணா பிரிந்தபோது, தாமும் மட்டக்களப்பாராயிருந்தும் அப்பிரிவினையை எதிர்த்து எழுதினார். நடுநிலை பிறழ்ந்தார் என்று சிலரும், நடுநிலை என்பதே அவ்வேளையில் ஒரு பொய் என்று சிலரும் வாதிட்டனர். ஒரு தரப்பின் பிழைகளை முன்போல் அளந்து எழுத அவர் கடைசி ஆண்டுகளிற் தயங்கினார் என்பதே என் கருத்து. அவ்வாண்டு பொலிசார் அவர் வீட்டைச் சோதனையிட்டனர். எச்சரிக்கைகள் வந்தவண்ணமிருந்தன. வெளிநாட்டில் வாழும் வாய்ப்பிருந்தும் அவர் கொழும்பைவிட்டுப் போகவில்லை.

2005 ஏப்ரல் 28 இரவு, பம்பலப்பிட்டிப் பொலிஸ் நிலையத்துக்கு அண்மையில் அவர் கடத்தப்பட்டார். மறுநாட் காலை, பாராளுமன்றத்துக்கு அணித்தாய், உயர் பாதுகாப்பு வலயத்தினுள் அவர் உடல் சுடப்பட்டுக் கிடந்தது. அப்போது அவருக்கு வயது 45. புலிகள் 'மாமனிதர்' எனப் பட்டமளித்தனர். அக்கொலைக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. மட்டக்களப்பு மண்ணிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய நெடுநாள் நண்பரான அமெரிக்க மானிடவியலாளர் மார்க் விற்றேக்கர் 2007 இல் அவர் வாழ்வை ஆங்கிலத்தில் நூலாக்கினார். மாணவர்கள் அதனை வாசிக்குமுன், 'லங்கா கார்டியன்' தொடரை வன்னியின் வரைபடம் ஒன்றை அருகில் விரித்துவைத்துக்கொண்டு தாமே வாசிப்பது நன்று.