கரும்பை ஆராய்ந்த ஜானகி அம்மாள்

மறையூரில் உழவர்கள் கரும்பை விதைப்பதில்லை. முற்றிய கரும்பைக் கணுக்களோடு துண்டுகளாக நறுக்கி நடுகின்றனர். அத்துண்டுக்குக் கரணை என்று பெயர். கரணையிலிருந்து முளைக்கும் கரும்பு தாய்க்கரும்பின் பண்புகளையே பெற்றிருக்கும். தாயைத் தாக்கும் நோய் சேயையும் தாக்கும். ஆகவே புதிய வகைக் கரும்பு வேண்டுமெனில் பூவிலிருந்தும் விதையிலிருந்தும்தான் தொடங்க வேண்டும். கரும்பும் பூக்கும் என்பதே நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கலாம்!

மறையூர் மலையிறங்கி உடுமலைப்பேட்டையைக் கடந்தால் கோயம்புத்தூரை அடையலாம். அங்குக் கரும்பு நன்கு பூத்து விதை பிடிக்கும். அதனால்தான் 1912ஆம் ஆண்டு கரும்பு இனப்பெருக்க நிலையம் அவ்வூரில் அமைந்தது. இனிய கரும்பையும் ஆற்றங்கரையில் தானே வளரும் நாணலையும் கலந்து, 'கோ 205' என்னும் வகையை அந்நிலையத்தார் 1918இல் வெளியிட்டனர். இனிப்பு கரும்பிடமிருந்தும், தாங்கும் வலிமை நாணலிடமிருந்தும் வந்தன.

அந்நிலையத்தில் 1934இல் மரபியல் அறிஞராகப் பணியேற்றவர் ஜானகி அம்மாள். அவர் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலச்சேரியில் பிறந்தார். தந்தையார் நீதித்துறையில் பணியாற்றியவர். செடிகொடிகளிலும் பறவைகளிலும் ஈடுபாடு மிக்கவர். சென்னையில் இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற ஜானகி அம்மாள், மணவாழ்வை நாடாமல் கல்வியை நாடினார். உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1931இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார்.

கோயம்புத்தூரில் அவர் எழுப்பிய வினா துணிவானது. கரும்பு புல்லினத்தைச் சேர்ந்தது. சோளமும் மக்காச்சோளமும் அவ்வாறே. அவ்வாறாயின், வேறு வேறு பேரினங்களைச் சேர்ந்த இவை ஒன்றோடொன்று கலக்குமா? கலக்கும் என்று கருதுவது மட்டும் போதாது, சோதித்தறிய வேண்டும். ஒரு செடியின் மகரந்தத்தை மற்றொன்றின் பூவில் தூவி, வேறு மகரந்தம் படாதவாறு பூங்கதிரை உறையிட்டு மூடிக் காத்தல் இத்தகைய ஆய்வின் முறையாகும். அவ்வாறு காத்தும் ஓர் ஐயம் எழும். முளைத்த நாற்று உண்மையிலேயே கலப்பினமா, அல்லது தாய்ச்செடியின் சொந்த மகரந்தத்தால் விளைந்ததா? இலையையும் தண்டையும் பார்த்து மட்டும் இதற்கு விடை கூற இயலாது.

விடை செல்லினுள் இருந்தது. உயிரிகளின் பண்புகளைத் தாங்கி நிற்கும் இழைகள் குரோமோசோம்கள் எனப்படும். இனிய கரும்பின் செல்லில் அவை 80, மக்காச்சோளத்தில் 20. வேர்நுனியில் செல்கள் விரைந்து பிரிகின்றன. ஆகவே அந்நுனியை நறுக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் நோக்கினால் இழைகளை எண்ணலாம். நாற்றின் எண்ணிக்கை தாயின் எண்ணிக்கையினின்று வேறுபட்டால், அயல் மகரந்தம் கலந்தமைக்கு அது வலுவான சான்றாகும். ஜானகி அம்மாள் பொறுமையுடன் எண்ணினார். கரும்பைச் சோளத்தோடும் மக்காச்சோளத்தோடும் கலந்த செய்தியை உலகிற்கு அறிவித்தார். அக்கலப்பினங்கள் ஆலைக்கேற்ற பயிராகவில்லை என்பது உண்மையே. ஆயினும் புல்லினங்களுக்கிடையேயுள்ள உறவை அவை காட்டின.

தனித்து வாழ்ந்த பெண்ணாகவும், அன்று தாழ்வாகக் கருதப்பட்ட சமூகத்தில் பிறந்தவராகவும் இருந்தமையால், அவர் உடன் பணியாற்றிய ஆடவரிடையே இடர்ப்பட்டார். 1939இல் பிரித்தானியாவுக்குச் சென்றபோது உலகப்போர் மூண்டது; அங்கேயே தங்கிவிட்டார். இலண்டனில் குண்டுகள் விழுந்த காலத்திலும் ஆய்வைத் தொடர்ந்தார். பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து, டார்லிங்டனுடன் இணைந்து 1945இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். பின்னர் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளுக்குக் கோல்ச்சிசின் இட்டு, அவற்றின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். நம் செங்காந்தளிலும் கோல்ச்சிசின் உண்டு என்பது பலர் அறியாத செய்தி. அத்தோட்டத்தின் வெண்மலர் மக்னோலியா வகை ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது.

நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். ஷில்லாங்கிலிருந்து 37 மைல் பயணம் செய்து, அப்பகுதியிலேயே எஞ்சியிருந்த ஒரு மக்னோலியா மரத்தைத் தேடிச் சென்றார். அம்மரம் எரிக்கப்பட்டுவிட்டது.

எண்பது வயதை எட்டிய நிலையிலும், பாலக்காட்டு அமைதிப் பள்ளத்தாக்கின் காட்டை அணைத்திட்டத்தினின்று காக்கக் குரல் கொடுத்தார். அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களை ஆராயவும் முனைந்தார். 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள், சென்னையை அடுத்த மதுரவாயலில் இருந்த ஆய்வகத்தில் பணியாற்றிவந்த காலத்திலேயே மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

சொற்பொருள்: கரணை – நடுவதற்கு நறுக்கிய கரும்புத் துண்டு, பேரினம் – நெருங்கிய இனங்களின் தொகுதி, இடர் – துன்பம்.

சிந்தித்து விடை எழுதுக:
1. பூங்கதிரை உறையிட்டு மூடாவிடில், சோதனையின் முடிவை நம்ப இயலுமா? ஏன்?
2. கரணையால் வளர்ந்த கரும்புக்கும் விதையால் வளர்ந்த கரும்புக்கும் உள்ள வேறுபாடு யாது?