காவலரைக் கண்ட மேதை மெச்னிகோவ்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

சென்ற ஆண்டுப் பருவத் தேர்வில் வெள்ளையணுக்களைப் பற்றி ஒரு வினா வந்தது. அவை நம் உடம்பின் காவலர்கள். உள்ளே நுழையும் கிருமிகளைச் சூழ்ந்து விழுங்கிச் செரித்துவிடும் என்று இரண்டு பக்கம் எழுதி முழு மதிப்பெண் பெற்றேன். அதே மாதத்தில்தான் என் சித்தப்பா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

எங்கள் ஊர் சாத்தாங்காடு. இரும்பு மார்க்கெட்டில் லாரிக்குக் கம்பி ஏற்றி இறக்குவது அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தொழில். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சித்தப்பாவுக்கு நெடுநாளாக இளைப்பு உண்டு. ஒரு கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு மாத்திரையை, எந்த மருத்துவரையும் பாராமல், ஆண்டுக்கணக்கில் விழுங்கி வந்தார். ஒரு மாதம் தலைவலி என்றார். பிறகு வாந்தி, பிறகு பார்வை மங்கல், ஒரு நாள் வீட்டு ஆட்களையே அடையாளம் தெரியவில்லை. முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுத்துப் பார்த்த மருத்துவர்கள், மூளையைச் சுற்றியுள்ள உறையில் ஒரு பூஞ்சை தங்கியிருக்கிறது என்றார்கள். அதன் பெயர் கிரிப்டோகாக்கஸ்.

நுரையீரலில் புகுந்த பூஞ்சை மூளைக்கு எப்படிப் போயிற்று என்று கேட்டேன். பயிற்சி மருத்துவர் ஒருவர், அதை வெள்ளையணுக்களே சுமந்து போயிருக்கலாம் என்றார். நான் திகைத்துப் போனேன். இரண்டு பக்கம் எழுதி வாங்கிய மதிப்பெண் அந்த நொடியில் என்னைப் பார்த்துச் சிரித்தது. காவலனே கள்வனைத் தோளில் சுமப்பானா? இந்த ஐயத்தை எங்கள் துறைப் பேராசிரியரிடம் கேட்டபோது, அவர் விடை சொல்லாமல், மெச்னிகோவின் வாழ்க்கையைப் படித்துவிட்டு வரச் சொன்னார். படித்தேன். அதையே இங்கு என் அறிவுக்கு எட்டியவரை எழுதுகிறேன்.

இலியா மெச்னிகோவ் 1845ஆம் ஆண்டு மே மாதத்தில், இன்று உக்ரைன் நாட்டில் உள்ள கார்கிவ் நகரை அடுத்த சிற்றூரில் பிறந்தார். தந்தை படை அதிகாரி. ஐந்து பிள்ளைகளில் இவரே கடைக்குட்டி. மருத்துவம் படிக்க விரும்பிய மகனை, பிறர் துன்பம் காணப் பொறாத மென்மையான மனம் உனக்கு என்று சொல்லி, விலங்கியலின் பக்கம் திருப்பியவர் அன்னை. நான்கு ஆண்டுப் படிப்பைக் கார்கிவ் பல்கலைக்கழகத்தில் இரண்டே ஆண்டுகளில் முடித்தார். பின்னர் ஜெர்மனியிலும் இத்தாலியின் நேப்பிள்ஸிலும் கடல்வாழ் சிற்றுயிர்களின் கருவளர்ச்சியை ஆராய்ந்தார். 1870இல், இருபத்தைந்து வயதிலேயே, ஒடெசா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியர் ஆனார்.

கல்வியில் ஏறுமுகம், வாழ்விலோ இருள். 1869இல் லுத்மிலா என்ற பெண்ணை மணந்தார். அவருக்குக் காசநோய். நடந்தால் மூச்சு இரைக்கும் மணமகளை நாற்காலியில் அமர்த்தித்தான் தேவாலயத்திற்குத் தூக்கிச் சென்றார்கள். நல்ல காற்றைத் தேடி ஊர் ஊராக மனைவியை அழைத்துச் சென்றும் பயனில்லை. 1873இல் மதீரா தீவில் லுத்மிலா இறந்தார். துயரம் தாங்காத மெச்னிகோவ் தம் உயிரையும் முடித்துக்கொள்ள முயன்று, நல்வாய்ப்பாகப் பிழைத்தார். அந்நாட்களில் ஓர் இரவு, விளக்கைச் சுற்றிப் பறக்கும் சின்னஞ்சிறு பூச்சிகளைக் கண்டார். சில மணி நேரமே வாழும் இவற்றிடம் டார்வினின் இயற்கைத் தேர்வு எவ்வாறு செயல்படும் என்று எண்ணத் தொடங்கினார். அந்தக் கேள்வி அவரை மீண்டும் வாழ்க்கைக்கு அழைத்து வந்தது. 1875இல் ஒல்கா என்பவரை மணந்தார். ஒல்கா இறுதிவரை அவருக்குத் துணையாக நின்று, பின்னாளில் அவரது வரலாற்றையும் எழுதினார்.

1881இல் ரஷ்யப் பேரரசர் கொல்லப்பட்டபின் பல்கலைக்கழகங்களில் கெடுபிடி மிகுந்தது. மனம் வெறுத்த மெச்னிகோவ் 1882இல் பதவி விலகி, குடும்பத்தோடு சிசிலித் தீவின் மெசினா நகருக்குப் போனார். வேலை இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை. வீட்டு முன்னறையில் ஒரு நுண்ணோக்கி மட்டும் இருந்தது. ஒரு நாள் வீட்டார் அனைவரும் குரங்கு வேடிக்கை காண சர்க்கசுக்குப் போய்விட்டனர். தனித்திருந்த அவர், நட்சத்திர மீனின் லார்வாவை நுண்ணோக்கியில் நோக்கினார். அது கண்ணாடி போன்ற உடம்புடையது. அதனுள்ளே சில செல்கள் தாமாகவே ஊர்ந்து திரிவதைக் கண்டார். இரை செரிக்கும் வேலையை மட்டுந்தானா இவை செய்கின்றன, பகை நுழைந்தால் எதிர்க்கவும் செய்யுமோ என்று மின்னலென ஓர் எண்ணம் தோன்றிற்று. தோட்டத்திற்கு ஓடினார். ரோஜாச் செடியிலிருந்து சில முட்களைக் கிள்ளி வந்து லார்வாவின் தோலுக்கடியில் செருகினார். அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சுற்றி அந்தச் செல்கள் கூட்டமாகக் குழுமி நின்றன!

நம் காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து சீழ் கட்டுகிறது. அச்சீழில் வெள்ளையணுக்கள் இருப்பதை மருத்துவர்கள் முன்பே அறிவார்கள். ஆனால் அவர்களுள் பலர் கொண்டிருந்த கருத்து வேறு. வெள்ளையணு கிருமிக்கு நல்ல உறைவிடம். அதுவே கிருமியைச் சுமந்து உடம்பெங்கும் பரப்புகிறது என்று கருதினார்கள். 1883இல் மெசினாவுக்கு வந்த ஜெர்மானியப் பேரறிஞர் விர்ச்சோ, லார்வாக்களைப் பார்த்து மகிழ்ந்தாலும், நடைமுறைக் கொள்கை இதற்கு நேர்மாறாக இருப்பதால் எச்சரிக்கையாக நடக்கும்படி அறிவுரை கூறினார். நண்பர்களே, இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பயிற்சி மருத்துவர் என்னிடம் சொன்னதும் இதுதானே!

மெச்னிகோவ் பின்வாங்கவில்லை. இச்செல்களுக்குக் கிரேக்க மொழியிலிருந்து ஃபேகோசைட், அதாவது விழுங்கு செல், என்ற பெயரை வியன்னாவின் விலங்கியல் பேராசிரியர் கிளாஸ் எடுத்துத் தந்தார். ஆனால் முள் உயிரற்றது. உயிருள்ள பகைவனோடு இச்செல்கள் போரிடுவதைக் காட்ட வேண்டுமே? அதற்கு அவருக்குக் கிடைத்தது ஒரு பூஞ்சை. நாம் ஆய்வுக்கூடத்தில் பார்க்கும் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு, ஈஸ்ட் வகையைச் சேர்ந்த ஒரு பூஞ்சையின் ஊசி போன்ற வித்துகளை இரையோடு விழுங்குகிறது. வித்துகள் குடற்சுவரைத் துளைத்து உடற்குழிக்குள் நுழைகின்றன. உடனே இரத்தச் செல்கள் அவற்றைச் சூழ்ந்து விழுங்கிச் சிதைக்கின்றன, நீர்த்தெள்ளு பிழைக்கிறது. சில வித்துகள் தப்பி மொட்டுவிட்டுப் பெருகினாலோ, பூஞ்சை வெல்கிறது, நீர்த்தெள்ளு மடிகிறது. 1884இல் இதனை வெளியிட்டார். அந்தப் பூஞ்சை இனத்திற்குப் பின்னாளில் அவர் பெயரையே சூட்டினார்கள். காவலர் தோற்பதும் உண்டு என்பதை அவர் அன்றே மறைக்காமல் எழுதினார் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

1888இல் பாரிசுக்குச் சென்ற அவருக்குத் தம் நிலையத்தில் இடமளித்தார் லூயி பாஸ்டர். சாகும்வரை அதுவே அவருடைய ஆய்வுக்கூடமாயிற்று. ஜெர்மனியில் கோக் முதலியோரின் அணி, உடம்பைக் காப்பது செல்கள் அல்ல, இரத்த நீரில் கரைந்துள்ள பொருள்களே என்று வாதாடியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்த இந்தச் சண்டையின் முடிவு என்ன? 1908இல் மருத்துவ நோபல் பரிசு மெச்னிகோவுக்கும், எதிரணிக் கொள்கையின் தலைவர் பால் எர்லிக்குக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. இருவர் சொன்னதும் உண்மையே. ஒவ்வொன்றும் பாதி உண்மை.

முதுமையைப் பற்றியும் அவர் ஆராய்ந்தார். புளித்த பால் குடலில் உள்ள தீய கிருமிகளை அடக்கி ஆயுளை நீட்டும் என்று நம்பி, தாமும் நாள்தோறும் அருந்தினார். நம் வீட்டுத் தயிர்ப்பானையின் பெருமையைப் பாரிசில் பேசியவர் அவர் எனலாம். எனினும் 1916 ஜூலை 15 அன்று, எழுபத்தொன்றாம் வயதில், இதயநோயால் காலமானார். அவரது சாம்பல் பாஸ்டர் நிலைய நூலகத்தில் ஒரு கலயத்தில் வைக்கப்பட்டுள்ளது.

இனி என் ஐயத்திற்கு வருகிறேன். கிரிப்டோகாக்கஸ் என்பதும் ஈஸ்ட் வகைப் பூஞ்சையே. 1894ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் ஒரு நோயாளியின் உடம்பில் இதைக் கண்டார்கள். காய்ந்த புறா எச்சத்திலும் மண்ணிலும் வாழும். காற்றோடு மூச்சில் கலந்து நுரையீரலை அடையும். நலமுள்ளவருக்கு இதனால் பெரும்பாலும் கெடுதியில்லை. நுரையீரலில் மேக்ரோஃபேஜ் என்ற பெரிய விழுங்கு செல் அதைப் பிடித்து விழுங்குகிறது. அதைக் கொல்ல டி செல்களின் கட்டளை வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையாலோ எச்.ஐ.வி. தொற்றாலோ டி செல்கள் நலிந்துவிட்டால், விழுங்கு செல் விழுங்கும், ஆனால் செரிக்காது. தடித்த மாப்பொருள் உறை போர்த்த இந்தப் பூஞ்சை அதன் வயிற்றிலேயே பெருகும். அந்தச் செல்லைக் கொல்லாமலே வெளியே குதித்துவிடவும் வல்லது. இந்த விந்தையை 2006இல் கண்டறிந்தார்கள்.

மூளையின் இரத்தக் குழாய்களுக்கு நெருக்கமான ஒரு தடுப்புச்சுவர் உண்டு. பூஞ்சை அதைத் தனியாகவும் ஊடுருவும். மற்றொரு வழியும் உண்டு. எங்கள் மார்க்கெட்டில் அயலார் வண்டி வந்தால் கிடங்குக் காவலாளி நிறுத்திச் சோதிப்பார். கிடங்கின் சொந்த லாரி வந்தால் கதவைத் திறந்துவிடுவார். வெள்ளையணு உடம்பின் சொந்த லாரி. அதனுள் ஒளிந்த பூஞ்சை சுவரைக் கடந்துவிடுகிறது. ட்ராய் நகரத்து மரக்குதிரையின் கதையும் இதுவே. 2009இல் வெளியான எலிச் சோதனைகளில், பூஞ்சையை விழுங்கிய வெள்ளையணுக்களைச் செலுத்தியபோது மூளையில் பூஞ்சை மிகுந்தது. விழுங்கு செல்களை முன்கூட்டியே குறைத்தபோது மூளையில் பூஞ்சையும் குறைந்தது.

ஆகவே விர்ச்சோ நினைவூட்டிய பழைய கருத்தும் முற்றும் பொய்யன்று. மெச்னிகோவும் தோற்கவில்லை. காப்பதும் அதே செல். கைவிடப்பட்ட வேளையில் சுமப்பதும் அதே செல். இதில் மற்றொரு துயரமும் உண்டு. காசநோய்க் கிருமியும் மேக்ரோஃபேஜுக்குள் ஒளிந்து வாழ்வதுதான். லுத்மிலாவைக் கொன்ற கிருமி தங்கியிருந்த செல்களையே, அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் நம் காவலர் என்று மெச்னிகோவ் கண்டார்.

இந்தப் பூஞ்சை நமக்குத் தொலைவான செய்தி அன்று. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவியும் மேற்கொண்ட முயற்சியால்தான். அந்நோயாளிகளின் உயிரைப் பறிப்பவற்றுள் இப்பூஞ்சையால் வரும் மூளையுறை அழற்சியும் ஒன்று. 2020ஆம் ஆண்டில் உலகில் எச்.ஐ.வி. உள்ளவர்களில் சுமார் 1,52,000 பேருக்கு இது வந்ததாகவும், சுமார் 1,12,000 பேர் இறந்ததாகவும் மதிப்பிட்டுள்ளனர். 2022இல் உலக சுகாதார நிறுவனம் மிக ஆபத்தான பூஞ்சைகளின் வரிசையில் இதையும் வைத்தது. முதுகுத்தண்டு நீரில் கருமை நிற இந்திய மையைக் கலந்து பார்த்தால், கறுப்பு வானில் வட்டமிட்ட நிலாக்களைப் போல இது தெரியும். ஆம்ஃபோடெரிசின் ஊசியும், பின்னர் பல மாதங்கள் ஃப்ளூகோனசோல் மாத்திரையும் மருந்து.

சித்தப்பா மருத்துவமனையில் கிடந்த நாட்களில் எங்கள் தெருவில் வேறொரு பேச்சு எழுந்தது. அது அந்த நோய்தான் என்றார்கள், ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். தண்ணீர்க் குழாயடியில் சித்தியின் குடத்தை ஒதுக்கி வைத்தார்கள். சித்தப்பாவுக்கு எச்.ஐ.வி. இல்லை என்று சோதனையில் தெரிந்தது. இருந்திருந்தாலும் அது வெட்கப்படும் செய்தி அன்று. குடத்தைத் தொடுவதால் அது பரவுவதும் இல்லை. இந்தப் பூஞ்சை நோயும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. இதை வீடு வீடாகச் சென்று சொன்னேன். சிலர் கேட்டார்கள், சிலர் படித்த திமிர் என்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சித்தியின் குடம் மீண்டும் வரிசைக்கு வந்தது. தேர்வில் பெற்ற மதிப்பெண்ணைக் காட்டிலும் அது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

சித்தப்பா பிழைத்து வந்துவிட்டார். இடக்கண் பார்வை மட்டும் திரும்பவில்லை. பளு தூக்கவும் முடியாது. இளைப்புக்கு இப்போது மருத்துவர் எழுதித் தரும் மருந்தையே எடுத்துக்கொள்கிறார். மாலையில் அவர் அருகில் அமர்ந்து மெச்னிகோவின் கதையைச் சொன்னேன். ரோஜா முள்ளின் கதையை மட்டும் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

தோழர்களே, அடுத்த தேர்விலும் அந்த வினா வரலாம். வெள்ளையணு காவலன் என்றே எழுதுவேன். ஆனால் இம்முறை அங்கே முற்றுப்புள்ளி வைக்க மாட்டேன்.