யார் இந்த உமர் தம்பி? பழைய கம்ப்யூட்டர்களிலும் தமிழைப் படிக்க வைத்த அதிராம்பட்டினத்துக்காரர்!

விழுப்புரம் பக்கத்துல கெடாரில் இருந்து தமிழில் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்பினால், துபாயில் இருப்பவரின் போனில் அது அப்படியே தமிழில் போய் நிற்கும். எந்த கம்பெனி போன், எந்த மாடல் என்ற கேள்வியே இல்லை. ஆனால் 20, 25 வருஷத்துக்கு முன்னாடி நிலைமை இப்படி இல்லை. ஒரு கம்ப்யூட்டரில் தட்டிய தமிழ், அடுத்த கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகவோ, கேள்விக்குறிகளாகவோ, அர்த்தமே இல்லாத ஆங்கில எழுத்துகளாகவோதான் தெரிந்தது.

அந்தச் சிக்கலைத் தீர்க்க வீட்டில் உட்கார்ந்து மென்பொருள் எழுதி, ஒரு பைசா வாங்காமல் எல்லோருக்கும் கொடுத்தவர்களில் முக்கியமானவர் உமர் தம்பி. யார் இவர்? அப்படி என்ன செய்தார்? விரிவாகப் பார்க்கலாம்.

ரேடியோவில் தொடங்கிய ஆர்வம்

தஞ்சாவூர் மாவட்டம் அதிராம்பட்டினத்தில் 1953-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் தேதி பிறந்தவர் உமர் தம்பி. உள்ளூரில் இருக்கும் காதிர் முகைதீன் கல்லூரியில் படித்தார். படித்த பாடம் விலங்கியல். ஆனால் மனசு போனது மின்னணுவியல் பக்கம். ரேடியோ, டிவி பழுது பார்க்கும் தொழிலில் இறங்கினார். கடற்கரை ஊர்க்காரர்கள் பலரைப் போல 1980-களில் அவரும் துபாய்க்கு வேலைக்குப் போனார்.

அங்கேயும் மின்னணுக் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலைதான். அந்த வேலையில் இருந்தபடியே கம்ப்யூட்டரைக் கற்றுக்கொண்டார். இதற்காகத் தனியாகப் பெரிய படிப்பெல்லாம் படிக்கவில்லை. கெட்டுப்போன பொருளைப் பிரித்து, எங்கே கோளாறு என்று தேடும் பழக்கம்தான் பின்னாளில் மென்பொருளிலும் கைகொடுத்தது. வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய பிறகு, தன் நேரத்தின் பெரும்பகுதியைத் தமிழ்க் கணிமைக்கே செலவழித்தார்.

பிரச்சினை என்ன?

அன்றைய கம்ப்யூட்டர் எழுத்துருவில் மொத்தம் 256 இடங்கள்தான் இருக்கும். அதில் முதல் பாதி ஆங்கிலத்துக்கு. தமிழ் எழுத்துரு செய்தவர்கள் ஒவ்வொருவரும் தங்களுக்குத் தோன்றிய இடத்தில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்தார்கள். சிலர் ஆங்கில எழுத்துகளின் மேலேயே தமிழை ஏற்றினார்கள்.

ஒரு உதாரணம் பாருங்க. பாமினி எழுத்துருவில் அம்மா என்று தட்டிய ஒரு கோப்பை, பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச் என்று ஐந்து குறிகள்தான் தெரியும். டிஸ்கி முறையில் தட்டியது இன்னொரு மாதிரி. தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற டாப், டாம் முறைகள் வேறு மாதிரி. பத்திரிகைகளின் இணையதளங்களும் தனித்தனி எழுத்துரு வைத்திருந்தன. நாலு தளம் படிக்கணும்னா நாலு எழுத்துருவை இறக்கிப் போட வேண்டும்.

சொந்தக் கம்ப்யூட்டர் இருந்தால் அதையாவது செய்யலாம். அன்றைக்குப் பெரும்பாலானவர்கள் போனது பிரவுசிங் சென்டருக்கு. அங்கே எதையும் இன்ஸ்டால் செய்ய விடமாட்டார்கள். மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்தும் தமிழைப் படிக்க முடியாது.

யூனிகோடு வந்தும் தீராத தலைவலி

இதற்கெல்லாம் தீர்வாக வந்தது யூனிகோடு. உலகத்தில் உள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் நிரந்தரமாக ஒரே எண் என்பதுதான் இதன் அடிப்படை. அ என்ற எழுத்துக்கு 2949. எந்த நாட்டில், எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் அதே எண்தான். 1991-இல் வெளியான முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது.

ஆனால் எண் இருந்தால் மட்டும் போதுமா? அந்த எண்ணுக்குரிய வடிவத்தைக் காட்ட கம்ப்யூட்டரில் எழுத்துரு இருக்க வேண்டும். விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவற்றில் லதா என்ற தமிழ் யூனிகோடு எழுத்துரு இருந்தது. விண்டோஸ் 98-இல் இல்லை. 2003-க்குப் பிறகு தமிழில் வலைப்பதிவுகள் பெருகின. தமிழ் விக்கிப்பீடியாவும் அந்த ஆண்டுதான் தொடங்கியது. எல்லாம் யூனிகோடில். ஆனால் வீடுகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் விண்டோஸ் 98 இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதாவது எழுதுபவர் புதுக் கம்ப்யூட்டரில், படிப்பவர் பழைய கம்ப்யூட்டரில்!

புது விண்டோஸ் வாங்குங்கள் என்று சொல்வது சுலபம். உமர் தம்பி அப்படிச் சொல்லவில்லை. மக்கள் கையில் இருக்கிற பழைய கம்ப்யூட்டரிலேயே தமிழ் தெரிய என்ன வழி என்று யோசித்தார்.

தேனீ செய்த வேலை

அப்படி வந்ததுதான் தேனீ. இது ஒரு யூனிகோடு எழுத்துரு. அதை இயங்கு எழுத்துருவாகவும் ஆக்கித் தந்தார். இயங்கு எழுத்துரு என்றால் என்ன? இணையப் பக்கத்தைத் திறக்கும்போது, அந்தப் பக்கத்தோடு சேர்ந்து எழுத்துருவும் தானாகவே வந்து இறங்கிவிடும். படிப்பவர் எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பிரவுசரில் இந்த வசதி இருந்தது.

இந்தத் தொழில்நுட்பத்தை உமர் தம்பி கண்டுபிடிக்கவில்லை. பழைய முறை எழுத்துருக்களில் சில தமிழ்த் தளங்கள் ஏற்கனவே பயன்படுத்தி வந்தன. அதை யூனிகோடு தமிழுக்குச் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்ததுதான் அவர் பங்கு. வலைப்பதிவர்கள் தங்கள் பக்கத்தின் நிரலில் சில வரிகளை ஒட்டினால் வேலை முடிந்தது.

பழைய எழுத்தை என்ன செய்வது?

அடுத்த சிக்கல், ஏற்கனவே பல முறைகளில் தட்டி வைத்த எழுத்து. அதை யூனிகோடுக்குக் கொண்டுவர மாற்றிகள் வேண்டும். ஒரு எழுத்தை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடுவது போல இது சுலபமில்லை. கொ என்று பழைய முறையில் தட்டும்போது முதலில் கொம்பு, பிறகு க, கடைசியில் கால். யூனிகோடில் முதலில் க, அதன் பிறகுதான் ஒகரக் குறி. ஆக, மாற்றும் மென்பொருள் வரிசையையும் திருப்பிப் போட வேண்டும். கொஞ்சம் தவறினாலும் சொல் சிதறிவிடும்.

இப்படிப்பட்ட எழுத்துரு மாற்றிகளையும் அவர் எழுதினார். இன்னும் என்னென்ன?

* ஏடபிள்யூசி பொனடிக் யூனிகோடு ரைட்டர்: ஆங்கில விசைகளில் ஒலிப்படி தட்டினால் தமிழ் யூனிகோடில் வரும்
* வைகை: இன்னொரு இயங்கு எழுத்துரு
* தமிழ் இணைய அகராதி
* தமிழில் மின்னஞ்சல் அனுப்ப ஒரு கருவி
* வலைப்பதிவுகளுக்கு ஆர்எஸ்எஸ் செய்தியோடை உருவாக்கும் கருவி
* இணையப் பக்கத்துக்கு வேண்டிய நிறங்களின் குறியீட்டு எண்ணைக் காட்டும் கருவி

எதற்கும் விலை இல்லை. மடற்குழுக்களில் யாராவது சந்தேகம் கேட்டால் பதில் சொல்வதும் அவர் வேலையாகவே இருந்தது. இதே காலத்தில் எ-கலப்பை, பொங்குதமிழ் மாற்றி என்று வேறு தன்னார்வலர்களின் இலவசக் கருவிகளும் வந்தன. தமிழ் இணையம் வளர்ந்தது இப்படிப் பலர் கொடுத்த உழைப்பால்தான்.

மறைவும் அங்கீகாரமும்

2006-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் தேதி உமர் தம்பி காலமானார். அப்போது அவருக்கு வயது 53. அவர் பெயருக்கு உரிய அங்கீகாரம் வேண்டும் என்று வலைப்பதிவர்கள் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டோடு தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அதில் ஒரு அரங்குக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதே மாதம்தான் தமிழ்நாடு அரசும் யூனிகோடைத் தன் தரமாக ஏற்றது.

இன்று அவர் கருவிகள் எங்கே?

இயங்கு எழுத்துருவுக்கு ஆதாரமாக இருந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரரை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்று நிறுத்திவிட்டது. குரோமில் அந்த வகை எழுத்துரு எப்போதுமே வேலை செய்ததில்லை. அந்தக் காலத்துத் தமிழ்த் தளங்கள் பலவும் ஜியோசிட்டீஸ் போன்ற இலவச இடங்களில் இருந்தவை. 2009-இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது நிறைய பக்கங்கள் காணாமல் போயின. உமர் தம்பி செய்தவை என்னென்ன என்று தமிழ் விக்கிப்பீடியாவில் தன்னார்வலர்கள் பட்டியலிட்டு வைத்திருப்பதால்தான் இன்று அவற்றின் பெயராவது நமக்குத் தெரிகிறது. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளையும் யாராவது ஒருவர் பட்டியலிட்டு, பிரதி எடுத்துப் பாதுகாத்தால்தான் அது நிலைக்கும்.

அவர் சரிசெய்யப் பார்த்த சிக்கலும் முழுசாகத் தீர்ந்துவிடவில்லை. வானவில், பாமினி எழுத்துருக்களில் தட்டிய மனுக்கள், பத்திரங்கள், கல்யாணப் பத்திரிகைகள், ஊர் வரலாறுகள் இன்னமும் அலுவலகங்களிலும் டிடிபி கடைகளிலும் பழைய ஹார்ட் டிஸ்க்குகளில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் இன்றைக்கும் அதே எம், கே, அரைப்புள்ளிதான். உங்களிடம் அப்படி ஒரு கோப்பு இருந்தால், எழுத்துரு மாற்றிகள் இப்போதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த எழுத்துருவில் தட்டியது என்பதை முதலில் குறித்துக்கொண்டு, யூனிகோடுக்கு மாற்றி ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.