ஜான் ஹாம்டன்

ஆங்கில நாட்டின் கடலில்லாக் கோட்டங்களுள் பக்கிங்காம்ஷயர் ஒன்று. அக்கோட்டத்தின் பிரதிநிதிகளாய்ப் பார்லிமெண்டில் அமர்ந்தோர் பலர். முதன் மந்திரியாய் விளங்கிய டிஸ்ரேலியும் அவருள் ஒருவர். ஆயினும் உரிமைக்காக உயிர் நீத்த ஜான் ஹாம்டன் பெயரே அவருள் முன்னிற்பது.

முதற் சார்லஸ் மன்னன் 1629 முதல் 1640 வரை பார்லிமெண்டைக் கூட்டாமலே ஆண்டான். பொருள் முட்டுப்பாடு நேரவே, கடற்கரையூர்கள் போர்க்காலத்துச் செலுத்திய கப்பல் வரியை 1635-இல் உள்நாட்டார் மீதும் சுமத்தினான். ஹாம்டனது நிலமொன்றிற்கு விதித்த வரி 20 ஷில்லிங். பெருநிலக்கிழாராகிய அவர்க்கு அஃது ஒரு பொருட்டன்று. எனினும், பிரதிநிதிகள் இசைவின்றிக் கொள்ளும் வரி முறையன்று எனத் துணிந்து கொடுக்க மறுத்தார். முன்னரே கட்டாயக் கடன் கொடாது சிறை புகுந்தவரன்றோ அவர்! 1638-இல் நீதிபதிகள் பன்னிருவருள் எழுவர் மன்னன் பக்கமும் ஐவர் அவர் பக்கமும் நின்றனர். வழக்கில் தோற்றார், நாட்டார் நெஞ்சில் இடம் பெற்றார்.

1640-இல் பக்கிங்காம்ஷயர் அவரைத் தன் பிரதிநிதியாகத் தேர்ந்தது. மறு ஆண்டில் பார்லிமெண்டு அவ்வரியை ஒழித்தது. 1642 ஜனவரி 4-இல் அவரையும் வேறு நால்வரையும் சிறைபிடிக்க மன்னனே சபையுட் புகுந்தான்; அவர்களோ முன்னரே வெளியேறியிருந்தனர். சின்னாளில் அக்கோட்டத்தார் பெருந்திரளாய் லண்டன் சென்று தம் பிரதிநிதிக்குத் துணை நின்றனர். பின்னர் உள்நாட்டுப் போர் மூண்டது. 1643 ஜூன் 18-இல் சால்குரோவ் என்னும் களத்திற் படுகாயமுற்ற ஹாம்டன், 24-இல் உயிர் துறந்தார்.

இருபது ஷில்லிங்கைக் கொடுத்திருப்பின் அவர் இனிது வாழ்ந்திருப்பார். உரிமை சிறிது சிறிதாகவே பறிபோகும் என்பதை உணர்ந்தமையே அவர் பெருமை.