ஊர் கூடி வளர்த்த பள்ளி

என் ஆச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். வங்கியில் அவர் வயதை ஒத்த பெண்கள் பலர் பெருவிரலில் மை தடவி நிற்கும்போது, ஆச்சி மட்டும் பேனாவைக் கேட்டு வாங்கி, எழுத்து எழுத்தாகத் தம் பெயரை எழுதுவார். யார் கற்றுக் கொடுத்தது என்று ஒருநாள் கேட்டேன். பள்ளிக்கூடத்துச் சோறு என்று சொல்லிச் சிரித்தார்.

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே ஒரு கரிசல் காட்டுச் சிற்றூர் அவர் பிறந்த இடம். ஒரே ஓர் ஆசிரியர், ஒரு கூரைக் கொட்டகை. அதுதான் பள்ளி. அந்தக் கொட்டகை அங்கே எப்படி வந்தது என்று தேடிச் சென்றபோது, பெருந்தலைவர் காமராசரோடு சேர்த்து இன்னொரு பெயரும் என் கண்ணில் பட்டது. அவர்தாம் நெ. து. சுந்தரவடிவேலு.

காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கம் என்னும் சிற்றூரில் 1912ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். தந்தை பெரியாரின் கொள்கைகளில் ஈடுபாடு கொண்டு, சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர். கல்வித் துறையில் மாவட்ட அலுவலராகப் பணியாற்றி, ஊர்களின் நிலையை நேரில் கண்டவர். 1954இல் பொதுக் கல்வி இயக்குநரானபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு கூட நிறையவில்லை.

அந்த ஆண்டில்தான் காமராசர் முதலமைச்சரானார். அரை நேரம் படிப்பு, அரை நேரம் தொழில் என்று 1953இல் வந்த திட்டம் கைவிடப்பட்டது. பள்ளி இல்லாத ஊர் இருக்கக் கூடாது என்பது தலைவரின் ஆசை. ஆசைப்படுவது எளிது, ஆயிரக்கணக்கான ஊர்களில் அதைச் செய்து முடிப்பது யார்? அந்தப் பாரம் சுந்தரவடிவேலுவின் தோளில் ஏறியது.

ஐந்நூறு பேர் வாழும் ஊருக்கு ஒரு தொடக்கப் பள்ளி என்று கணக்கிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் கட்டடமும் போதிய ஆசிரியர்களும் கிடைக்கும்வரை காத்திருந்தால் ஒரு தலைமுறை வீணாகிவிடும். ஆகவே ஓராசிரியர் பள்ளிகளைத் திறந்தார்கள். தரம் தாழும் என்று குறை கூறியோர் உண்டு. அந்தக் குறையில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் முதலில் கதவைத் திறப்போம், பிறகு வீட்டைச் செப்பனிடுவோம் என்பதே அவர் சென்ற வழி.

கதவு திறந்தது, பிள்ளைகள் வந்தார்களா? பசித்த வயிறு காட்டு வேலைக்குப் போகுமே தவிரப் பாடம் கேட்க வராது. சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920ஆம் ஆண்டிலேயே நீதிக்கட்சியினர் மதிய உணவு அளித்துக் காட்டியிருந்தனர். அதை நாடெங்கும் கொண்டு செல்லத் துணிந்தார் காமராசர். நம் கோவில்பட்டியைத் தாண்டினால் வரும் எட்டயபுரத்தில், 1956இல், அந்தப் பணி தொடங்கியது. முதலில் ஊராரே அரிசியும் பருப்பும் தந்து நடத்தினர். பின்னர் அரசும் கைகொடுத்தது. ஒரு பிள்ளையின் ஒரு வேளை உணவுக்கு 10 காசு. அதில் 6 காசு அரசு தர, 4 காசு ஊரார் தர வேண்டும்.

ஏழை ஊரிடம் 4 காசு கேட்கலாமா? முதலில் எனக்கும் இந்தக் கேள்வி எழுந்தது. ஆச்சியிடம் கேட்டேன். அறுவடைக் காலத்தில் தம் வீட்டிலிருந்து ஒரு படி கம்பு போனதாகவும், அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தை எல்லோரும் நம்ம பள்ளிக்கூடம் என்றே சொன்னதாகவும் கூறினார். எனக்கு விளங்கியது. கொடுத்தவனுக்குத்தான் கேட்கும் உரிமையும் காக்கும் அக்கறையும் பிறக்கின்றன.

1958இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் இதே வழியையே சுந்தரவடிவேலு பின்பற்றினார். ஊர் ஊராக மக்களைக் கூட்டினார். நிலம், கட்டடம், நாற்காலி, கரும்பலகை, கடிகாரம் என்று அவரவரால் இயன்றதை மக்கள் தந்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடையும் கிடைத்தது. ஆசிரியரையும் துறை மறக்கவில்லை. உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு 1955இல் ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு என்னும் மூன்று நலன்களும் வந்தன.

1961இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1969 முதல் 1975 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கினார். தம் வாழ்வை நினைவு அலைகள் என்னும் நூலாக எழுதி வைத்துவிட்டு, 1993இல் மறைந்தார்.

ஆச்சி ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டார். மேல் வகுப்புக்கு ஊரில் பள்ளி இல்லை. பருத்தி எடுக்கப் போய்விட்டார். அந்தக் குறையை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் படிப்பின் ருசி அறிந்ததால், தம் மகளைப் பத்தாவது வரை படிக்க வைத்தார். அந்த மகளின் பிள்ளை இன்று இந்தக் கல்லூரியில் அமர்ந்து இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கோப்புகளுக்கிடையே வாழ்ந்த ஓர் அதிகாரியை யார் நினைக்கப் போகிறார்கள் என்று நாம் எண்ணலாம். ஆச்சியின் கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் நினைக்கிறேன். நண்பர்களே, நம்மில் பலர் நாளை ஆசிரியராவோம், சிலர் அலுவலராவோம். நம் ஊர்ப் பள்ளிக்கு நாம் தரும் ஒரு படி கம்பு எது?