யாரும் சொல்லித் தராத கலவை

தாமரை மேல் நிற்கிற லட்சுமி படம் இல்லாத பூஜை அறையைக் காட்டுங்க பார்ப்போம். மளிகைக்கடை கல்லாவுக்கு மேலயும் அதே முகம்தான். அந்த முகத்தை வீடு வீடா கொண்டு போனவர் ராஜா ரவி வர்மா. அவர் நிறம் கலக்கக் கத்துக்கிட்ட கதை மட்டும் அவ்வளவா வெளியே தெரியாது.

1848-ல் திருவிதாங்கூரில் கிளிமானூர் அரண்மனையில் பிறந்தார். ஓவியரான தாய்மாமா ராஜராஜ வர்மாதான் முதல் குரு. 14 வயசில் அவரைத் திருவனந்தபுரத்துக்கு, ஆயில்யம் திருநாள் மகாராஜாவிடம் கூட்டிட்டுப் போனார். வாட்டர் கலர் வசப்பட்டது. ஆயில் பெயிண்ட் மட்டும் பிடிபடல. அது தெரிஞ்ச அரண்மனை ஓவியர், மதுரை ராமசாமி நாயக்கர், சொல்லித்தர மறுத்துட்டார். அவரோட சீடர் ஆறுமுகம் பிள்ளை ராத்திரியில் ரகசியமா வந்து தனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிக் கொடுத்ததா சொல்றாங்க. 1868-ல் தியோடர் ஜென்சன்னு ஒரு ஐரோப்பிய ஓவியர் வந்தார். அவரும் கத்துக் கொடுக்கல. வரையும்போது நின்னு பார்க்கலாம், அவ்வளவுதான்.

பார்த்தா போதாதா? போதாது. எந்தெந்த நிறத்தைத் தொடுறார்னு கண்ணுக்குத் தெரியும், எவ்வளவுன்னு தெரியாது. எங்க நாட்றம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் டேனரியில் சாயம் போடுறவங்களைக் கேளுங்க. டிரம்மில் இருந்து ஈரமா வர்ற தோல் ஒரு நிறம், காய்ஞ்ச பிறகு வேற நிறம். கேட்ட ஷேடு வரணும்னா எந்தச் சாயம் எத்தனை கிராம்னு கணக்கு வேணும். அந்தக் கணக்கை யாரும் சும்மா தூக்கிக் கொடுத்திட மாட்டாங்க.

பெயிண்ட்டோட குணமும் அப்படி. மொபைல் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் மூணும் சேர்ந்தா வெள்ளை. ஏன்னா அங்கே ஒளி கூடுது. பெயிண்ட்டில் ஒவ்வொரு நிறமும் கொஞ்சம் ஒளியை விழுங்கிடும். அதனால மஞ்சளும் நீலமும் சேர்ந்தா பச்சை. எல்லாத்தையும் கலந்தா சேறு. முகத்தில் நிழல் வேணும்னு கறுப்பைக் கலந்தா கரி பூசின மாதிரி ஆயிடும். தோல் நிறத்தில் துளி பச்சையோ நீலமோ சேர்த்தா நிழல் உயிரோட இருக்கும். அதுலயும் ஆளிவிதை எண்ணெய் தண்ணி மாதிரி ஆவியாகாது, காற்றிலுள்ள ஆக்சிஜனோட சேர்ந்து மெதுவா இறுகும். நாள் கணக்கில் ஈரமா இருக்கிறதால, துணியிலேயே ஒரு நிறத்தை இன்னொண்ணுக்குள்ள இழைச்சு விடலாம். கன்னத்தோட வளைவு அப்படித்தான் வருது. ரவி வர்மா இதையெல்லாம் போட்டுப் போட்டு, அழிச்சு அழிச்சுத்தான் கத்துக்கிட்டிருக்கணும்.

1873-ல் கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண் ஓவியத்துக்கு மெட்ராஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம். அப்புறம் வியன்னா, சிகாகோன்னு பேர் பரவியது. பதக்கங்களை விட எனக்குப் பெரிசாத் தெரியறது 1894-ல் பம்பாயில் அவர் ஆரம்பிச்ச அச்சகம். ஜெர்மன் மெஷின், ஜெர்மன் ஆட்கள். லித்தோ முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல் வேணும். ஒரு முகத்தைப் பிரிச்சு, மஞ்சள் எங்கே, சிவப்பு எங்கேன்னு கல் கல்லா வரையணும். அப்புறம் ஒண்ணு மேல ஒண்ணா அச்சடிக்கணும், ஒரு மயிரிழை தள்ளினாலும் உதடு கன்னத்துக்குப் போயிடும். கலக்கத் தெரிஞ்சவருக்கு இப்போ பிரிக்கிற வேலை! நம்ம பிரிண்டர் நாலு இங்க்கை வெச்சு இன்னைக்குப் பண்றதும் கிட்டத்தட்ட இதேதான்.

முதலில் வந்தது சகுந்தலையின் பிறப்பு. பிறகு லட்சுமி, சரஸ்வதி. கோயில் வாசலைத் தாண்ட விடாம நிறுத்தப்பட்டவங்க வீட்டுச் சுவருக்கும் சாமி வந்தது. மூல ஓவியத்தோட நுணுக்கம் அச்சில் இல்லைதான். காலண்டர் படம்னு பின்னாடி பலர் கேலி பண்ணாங்க. எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடு இல்லை. அரண்மனைக்குள்ள பூட்டி வெச்சிருந்த நிறம் தெருவுக்கு வந்ததே, அது சின்ன விஷயமா?

ஆனா அச்சகம் அவருக்குக் காசு தரல. 1899-ல் லோனாவாலா பக்கம் மாளவ்லிக்கு மாற்றும்போதே கழுத்தளவு கடன். 1901-ல் அங்கே வேலை பார்த்த ஜெர்மன்காரர் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷருக்கே விற்றுட்டாங்க. அச்சகத்தைப் பார்த்துக்கிட்ட தம்பி ராஜராஜ வர்மா 1905-ல் இறந்தார். அடுத்த வருஷம் அக்டோபர் 2-ல், கிளிமானூரில் ரவி வர்மா.