செங்குன்றின் கீழ் ஒரு சிறு படகு

சீன தேசத்தின் பழைய வெண்பீங்கான் கிண்ணங்களிலும், தூரிகை வைக்கும் மூங்கிற் குவளைகளிலும் ஒரு காட்சி திரும்பத் திரும்ப இடம்பெறுவதுண்டு. செங்குத்தான குன்று, மேலே முழுமதி, கீழே அகன்ற ஆறு, ஆற்றில் ஒரு சிறு படகு. அறியாதார் இதனை வெறும் இயற்கைச் சித்திரம் என்றே கொள்வர். சீன இலக்கியம் கற்றோரோ, படகில் அமர்ந்திருப்பவர் கவிஞர் சு ஷி என்பதைக் கண்டவுடன் கூறிவிடுவர்.

சொங் வமிசத்தார் ஆண்ட காலத்தில், 1037ஆம் ஆண்டு, சிச்சுவான் நாட்டு மெய்ஷான் என்னும் ஊரிற் பிறந்தவர் சு ஷி. 1057இல் தலைநகராகிய கைஃபெங்கில் நிகழ்ந்த அரச பரீட்சையில் தம் இளவல் சு சேயுடன் ஒருங்கே சித்தியெய்தினார். பரீட்சகர் தலைவராயிருந்த பேரறிஞர் ஓயாங் சியூ அவரது புலமையைக் கண்டு வியந்தார். உயர் பதவிகள் அவரை எதிர்நோக்கி நின்றன.

ஆயினும், அமைச்சர் வாங் ஆன்ஷி கொணர்ந்த புதிய சட்டங்கள் அவர் வாழ்வின் போக்கை மாற்றின. அச்சட்டங்களால் குடியானவர் படும் அல்லலை மாகாண உத்தியோகத்திலிருந்து நேரிற் கண்ட சு ஷி, அதனைத் தம் பாடல்களிற் குறிப்பாகப் புலப்படுத்தினார். 1079இல் அவர் சிறைப்பட்டார். அவருடைய கவிதைகளே அவருக்கெதிரான சாட்சிகளாயின. நான்கு மாதமளவு சிறையில் வாடிய பின், உயிர் தப்பி, யாங்சி நதிக்கரையிலுள்ள ஹுவாங்சௌ என்னும் சிற்றூருக்கு அதிகாரமற்ற ஒரு பதவிப் பெயருடன் அனுப்பப்பட்டார்.

அங்கே வறுமை அவரை ஏர்பிடிக்கச் செய்தது. ஊரின் கிழக்கே கிடந்த தரிசுச் சரிவைத் திருத்திப் பயிரிட்டார். கிழக்குச் சரிவு எனப் பொருள்படும் துங்போ என்பதையே தம் புனைபெயராகவும் சூடிக்கொண்டார். 1082ஆம் ஆண்டின் நிலவிரவுகளில் இருமுறை, அவ்வூர்ச் செங்குன்றின் அடிவாரத்தை நண்பருடன் சென்று கண்டார். கி.பி. 208இல் பெரும்போர் நிகழ்ந்த செங்குன்று அதுவே என்பர் ஊரார். உண்மையான களம் நதியின் மேற்பகுதியில் உள்ளதென்பது ஆராய்ச்சியாளர் கருத்து. இவ்வனுபவங்களிலிருந்து இரண்டு உரைப்பாக்கள் பிறந்தன. மாவீரரும் மறைந்தொழிந்தமை கண்டு நண்பர் கலங்க, ஆற்றுக் காற்றும் நிலவொளியும் எவராலும் தடுக்கப்படாத பொதுச் செல்வங்கள் என்று அவரைத் தேற்றுகின்றார் கவிஞர். யாவும் பறிக்கப்பட்ட ஒருவர் கண்ட உண்மை அது.

பின்னர் அவர் மீண்டும் உயர்ந்தார், ஹாங்சௌவின் மேற்கேரியைத் தூர்வாரிக் கரையமைத்தார், மீண்டும் வீழ்ந்தார். 1097இல் ஹைனான் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு, மன்னிப்புப் பெற்றுத் திரும்புகையில், 1101இல் சாங்சௌவிற் காலமானார். மரணத்தின் பின்னும் பகைமை தணியவில்லை. 1103இல் அவர் நூல்களின் அச்சுப் பலகைகளை அழிக்க ஆணை பிறந்தது. மறு ஆண்டு, விலக்கப்பட்ட 309 பேரின் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டபோது அவர் பெயரும் அவற்றுள் இடம்பெற்றது.

பலகைகளை அழிக்கலாம்; மாந்தர் நினைவை அழித்தல் எளிதன்று. பதினேழாம் நூற்றாண்டுக் குயவர், கிண்ணத்தின் ஒருபுறம் படகையும் மறுபுறம் அவரது உரைப்பாவையும் நீல வண்ணத்தில் தீட்டினர். மிங் வமிசத்து இறுதியில் வாங் ஷுயுவான் என்னும் கைவினைஞர், ஒரு பழக்கொட்டையில் அப்படகைச் செதுக்கி, சு ஷியின் அருகே கவிஞர் ஹுவாங் திங்ஜியானையும் அமர்த்தினார். அவ்விருவரும் முதன்முதல் நேரிற் சந்தித்தது 1086இலேயே. ஆதலின் வரலாற்றுக்கு இஃது ஒவ்வாது. ஆனால் விலக்கப்பட்டோர் கல்லில் இருவர் பெயரும் இருந்தன. பழிப்பதற்காக ஒரே கல்லிற் பொறிக்கப்பட்டோரைச் சிற்பி அன்புடன் ஒரே படகில் ஏற்றிவிட்டார்.

1737இல் சென் சூசாங் என்பார் அரண்மனைப் பட்டறையில், 3.4 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஒலிவக் கொட்டையொன்றில் அதே படகைக் குடைந்து, அதன் அடியில் இரண்டாம் உரைப்பாவைப் பொறித்தார். தைப்பே அரண்மனை நூதனசாலையில் அதனை இன்றும் காணலாம். ஓர் அரசவை அழிக்கக் கட்டளையிட்ட புலவரின் எழுத்தை, வேறோர் அரசவை அரும்பொருளாகப் பேணியது. அவரைத் தண்டித்தோரின் பெயர்களை நாம் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. அவரையோ, தேநீர் அருந்தும் கிண்ணத்திலும் சீனர் கண்டுவந்தனர்.